ஆடும் ஜோடிக்கு ஆரவாரம். வாழும் ஜோடிக்கு அரிவாளா?



வாரம் ஆறு நாளும் ஓவர்லாக்கோடும் பேட்லாக்கோடும் மல்லுக்கட்டி, சனிக்கிழமை மாலை சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, அருள்புரத்து லைன் வீட்டுக்குத் திரும்புகிற பாட்டாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். அந்த ஒரு நாளிலே கறிக்குழம்பு உண்டு. கொஞ்சம் கண்ணயர்தல் உண்டு. கண்ணுக்கு விருந்தாகத் தொலைக்காட்சிப் பெட்டியும் உண்டு. பெட்டியைத் திறந்தால் ஆட்டம்! ஓர் ஆண், ஒரு பெண். ஒளி வெள்ளம் பாய்கிற மேடை. எதிரே நடுவர்கள். இந்த வாரம் பரதம், அடுத்த வாரம் பறை, அதற்கடுத்த வாரம் சல்சா, பிறகு கரகம், பிறகு ஹிப்ஹாப். ஆடை மாறுகிறது, அடவு மாறுகிறது, தாளம் மாறுகிறது. மாறாதது ஒன்றே ஒன்று. அந்த ஜோடி!

இது நேற்று முளைத்ததல்ல. 2004-இல் லண்டன் பி.பி.சி. 'ஸ்டிரிக்ட்லி கம் டான்சிங்' என்று ஒரு போட்டியைத் தொடங்கிற்று. 2005-இல் அமெரிக்கா அதைத் தன் பாணியில் எடுத்துக்கொண்டது. அதே 2005-இல் இந்தியில் 'நச் பலியே' வந்தது. மெய்யாகவே காதலித்தவர்களும் கணவன் மனைவியுமாக மேடையேறினார்கள். 2006-இல் விஜய் தொலைக்காட்சி 'ஜோடி நம்பர் ஒன்' என்றது. 2007-இல் கலைஞர் தொலைக்காட்சியில் கலா மாஸ்டரின் 'மானாட மயிலாட' ஆடத் தொடங்கிற்று. ஜீ தமிழ் 'டான்ஸ் ஜோடி டான்ஸ்' என்று அழைத்தது. 2024-இல் 'ஜோடி ஆர் யூ ரெடி' என்று விஜய் தொலைக்காட்சி மீண்டும் முரசறைந்தது. 2006-இல்தான் தமிழக அரசு வீடுதோறும் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது என்பதையும் நினைவிலே வையுங்கள். சீமான் வீட்டுக் கூடத்திலே மட்டும் இருந்த பெட்டி, சாயப்பட்டறைத் தொழிலாளியின் ஒற்றை அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. பெட்டியும் வந்தது, ஆடும் ஜோடியும் வந்தது!

வந்ததும் சிலர் வாய் திறந்தார்கள். "ஐயகோ! ஆணும் பெண்ணும் தொட்டு ஆடுவதா? கையைப் பிடிப்பதா? இடுப்பைப் பிடித்துத் தூக்குவதா? பண்பாடு பாழாயிற்றே!" என்று அங்கலாய்த்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நம் கேள்விக்கு வரவேண்டும்.

தொட்டு ஆடினால் பாழாகும் என்ற புலம்பல் நமக்கு மட்டும் உரிய சொத்து அல்ல. 1816-இல் லண்டனிலே அரச விருந்தொன்றில் வால்ட்சு ஆட்டம் ஆடினார்கள். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அணைத்தவாறு சுழலும் ஆட்டம் அது. 'டைம்ஸ்' ஏடு கொதித்தெழுந்தது. நல்ல குடும்பத்துப் பெண்களை இந்தத் தொற்றிலிருந்து காப்பாற்றுங்கள் என்று பெற்றோரை எச்சரித்தது. இன்று அதே வால்ட்சைச் சீமாட்டிகள் ஆடினால் 'நாகரிகம்' என்கிறார்கள்! டாங்கோ எங்கே பிறந்தது? அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ், உருகுவேயின் மான்டிவீடியோ ஆகிய துறைமுக நகரங்களின் ஏழைச் சேரிகளில், பிழைக்க வந்த கூலிகளும் கறுப்பின மக்களும் கலந்து வாழ்ந்த தெருக்களில். ஊர்ப் பெரியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். 2009-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று பட்டியலில் ஏற்றிற்று. ஹிப்ஹாப் பிறந்தது 1973-இல் நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், வேலையற்ற ஏழை இளைஞர்களின் நடுவே.

நம் வீட்டுக் கதை மட்டும் வேறா? இசை வேளாளர் குலத்துப் பெண்கள் வளர்த்த சதிர், 'சதிர்' என்ற பெயரில் இருந்தவரை இழிவு; 1930-களில் 'பரதநாட்டியம்' என்று பெயர் சூட்டி வேறு வீட்டுப் பெண்கள் ஆடத் தொடங்கியதும் தெய்வீகம்! ஆட்டம் அதேதான், ஆடுகிற கால்தான் வேறு. பறை, சாவுக்கு அடித்தால் அடிமைத் தொழில். அதையே மேடையில் அடித்தால் கலை. அந்தப் பறையைத் தலைநிமிர்ந்து கற்பித்த மதுரை மாவட்டத்து வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆக, எந்த ஆட்டத்தின் வேரைத் தோண்டினாலும் அங்கே உழைப்பாளியின் வியர்வைதான் ஊறிக் கிடக்கிறது. தொலைக்காட்சி மேடையிலே வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி வருகிற அத்தனை பாணிகளும், ஒரு காலத்தில் ஏதோ ஓர் உயர்குலத்தாரால் 'சீ' என்று தள்ளப்பட்டவைதாம். இதை நினைத்துக்கொண்டு பாருங்கள். ஆட்டத்தின் சுவை இரட்டிப்பாகும்.

சரி, பாணிகளை விடுங்கள். ஜோடியைப் பாருங்கள்.

ஒரு பெண் ஓடி வருகிறாள். துள்ளுகிறாள். அவன் அவளை ஏந்தித் தலைக்கு மேலே உயர்த்துகிறான். ஒரு கணம் அவளுடைய உயிர் அவனுடைய இரண்டு உள்ளங்கைகளில் இருக்கிறது. கை வழுக்கினால் எலும்பு முறியும். அதற்காக எத்தனை நாள் பயிற்சி! அவன் எப்போது மூச்சை இழுப்பான், எந்த எண்ணிக்கையில் முழங்காலை மடக்குவான் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவளுடைய பாரம் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியவேண்டும். இவள் ஓர் அடி முந்தினாலும் கெட்டது; அவன் ஓர் அடி பிந்தினாலும் கெட்டது. அங்கே ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை. அவளை விட்டுவிட்டு அவன் மட்டும் வெல்ல முடியாது. அவனை விட்டுவிட்டு அவள் மட்டும் வெல்ல முடியாது.

பனியன் கம்பெனித் தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? டெய்லர் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். கைமடி பக்கத்தில் நிற்கிறார். துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்து விழுவதை வாங்கி அடுக்குவதும் கைமடி வேலை. கைமடி தாமதித்தால் டெய்லருக்குப் பீஸ் ஓடாது. டெய்லர் தடுமாறினால் கைமடிக்கு வேலை நடக்காது. இருவர் கையும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் சரக்கு நேரத்துக்குப் பெட்டியில் ஏறும். ஒருவர் தேனிப் பக்கத்துக்காரர், மற்றவர் ஒடிசாக்காரர். மொழியே வேறு! கை பேசிக்கொள்கிறது. "நீ என்ன சாதி?" என்று கேட்டுவிட்டா கட்டிங் மாஸ்டர் துணியை நீட்டுகிறார்? பீஸ் கணக்குக்குச் சாதி தெரியாது; ஷிப்ட் மணிக்குக் கோத்திரம் தெரியாது.

தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு என்று ஒழுங்கு வகுத்திருந்த நாடு இது. அந்த நாட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கைகோத்து நிற்க, பல கோடிப் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நடுவர் ஆட்டத்துக்கு மதிப்பெண் போடுகிறார், குலத்துக்குப் போடவில்லை. லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏனுங் கண்ணு, ரெண்டும் எத்தன பொருத்தமா ஆடுதுக பாரு!" என்கிறாள். பொருத்தம்! எந்தச் சோதிடரைக் கேட்டுச் சொன்னாள்? எந்தச் சாதகத்தைப் புரட்டிச் சொன்னாள்? கால் பொருந்திற்று, கை பொருந்திற்று, மனம் பொருந்திற்று. அதைக் கண்ணால் பார்த்தாள், சொல்லிவிட்டாள்.

அந்தப் பாட்டியிடந்தான், தோழர்களே, நாம் ஒரு கேள்வி கேட்கப் போகிறோம். அவளிடம் மட்டுமல்ல, அவளோடு உட்கார்ந்து கைதட்டுகிற அப்பனிடம், அண்ணனிடம், மாமனிடம், ஊர்ப் பெரியவரிடம், ஏன், நம் தோழர்களிடமே கேட்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு சிறு பயணம். அமெரிக்காவுக்கு!

1957-இல் அங்கே ஆலன் ஃப்ரீட் என்பவர் 'பிக் பீட்' என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். பாட்டும் ஆட்டமும் நிறைந்த நிகழ்ச்சி. ஒரு நாள் ஃபிராங்கி லைமன் என்ற கறுப்பினப் பாடகன், பதினான்கு வயதுச் சிறுவன், பாடி முடித்துவிட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு ஆடிவிட்டான். முத்தமிடவில்லை, மணமுடிக்கவில்லை, ஆடினான், அவ்வளவே. தெற்கு மாநிலங்களின் நிலையங்கள் ஆத்திரத்தால் அலறின. நிகழ்ச்சியே நின்றுபோயிற்று!

பால்டிமோர் நகரத்தில் 'படி டீன் ஷோ' என்று இன்னொரு நிகழ்ச்சி. 1957 முதல் நடந்தது. வெள்ளைப் பிள்ளைகள் ஆட நாள்தோறும் இடம். கறுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் தனி நாள்! இரண்டு நிறத்தாரும் ஒன்றாக ஆட வழிவிடுங்கள் என்று போராட்டம் வந்தது. சேர்த்து ஆடவிடச் சம்மதமில்லாமல், 1964-இல் நிகழ்ச்சியையே இழுத்து மூடினார்கள். ஆட்டமே போனாலும் போகட்டும், கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் சேரக்கூடாது. எப்படி இருக்கிறது நீதி!

ஏன் அவ்வளவு அச்சம்? காரணம் இருக்கிறது. இன்று மேடையில் சேரும் கை, நாளை வீட்டிலே சேரும். நாளை பிறக்கும் பிள்ளைக்கு எந்த நிறம் என்று எழுதுவது? வேலி எங்கே நடுவது? ஆடும் ஜோடியைப் பார்த்து ஆதிக்கக்காரன் நடுங்கியதன் பொருள் அதுதான். அவன் அஞ்சியபடியே நடந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்சர்டு லவ்விங் என்ற வெள்ளையரும் மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணும் மணந்துகொண்டதற்காகக் கைது செய்யப்பட்டார்கள், வழக்கு நீண்டது, 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், நிறம் பார்த்து மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

1967! அந்த ஆண்டைக் கேட்டதும் உங்கள் நெஞ்சு நிமிர்கிறதல்லவா? அதே ஆண்டில்தான் அண்ணா தலைமையிலான அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட வலிமை தந்தது. புரோகிதன் வேண்டாம், ஓமகுண்டம் வேண்டாம், உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று புரியும் மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் திருமணம் செல்லும். உலகத்தின் இரு கோடியிலும் ஒரே ஆண்டில் இரண்டு கதவுகள் திறந்தன.

திறந்த கதவு வழியே நடந்தோமா? இதோ நம் கேள்வியின் வாசலுக்கு வந்துவிட்டோம்.

அருள்புரத்தில் பஸ் ஏறிப் பல்லடம் தாண்டித் தெற்கே போனால் உடுமலைப்பேட்டை. நம் திருப்பூர் மாவட்டந்தான். 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாலையோரம். புதுத் துணி வாங்கிக்கொண்டு ஒரு ஜோடி வந்தது. சங்கர், 22 வயது, பொறியியல் மாணவர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கௌசல்யா, 19 வயது, வேறு சாதி. மணம் முடித்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மோட்டார் சைக்கிள்களில் வந்த கூட்டம் அரிவாளை ஓங்கிற்று. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. சங்கர் மாண்டார்; தலையில் வெட்டுப்பட்டும் கௌசல்யா பிழைத்தார். கண்காணிப்புக் கேமரா அத்தனையையும் பதிவு செய்தது. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடிற்று. ஆம் தோழர்களே, ஜோடிகள் ஆடிய அதே பெட்டியில்!

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதில் பெண்ணின் தந்தையும் ஒருவர். 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. ஐவரின் தூக்கை ஆயுளாக்கிற்று. சட்டத்தின் கணக்கு அது. நம் கணக்கு வேறு. உடுமலைக்குப் பிறகாவது கை நடுங்கிற்றா? 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு கொண்ட நேசம்! அதே ஆண்டு அக்டோபரில், இத்தகைய கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டி வந்தது.

கேட்கிறோம்: மேடையிலே அவன் அவளைத் தூக்கியபோது தட்டிய கைகள்தானே இவை? பெட்டிக்குள்ளே ஆடும் ஜோடிக்குப் 'பொருத்தம்' பார்த்த கண்கள்தானே இவை? சொந்தத் தெருவிலே அதே போன்ற ஒரு ஜோடி கைகோத்து வந்தால் மட்டும் அந்தக் கை ஏன் அரிவாளைத் தேடுகிறது? அந்தக் கண் ஏன் சிவக்கிறது? ஊரான் வீட்டுப் பிள்ளை ஆடினால் கலை. உன் வீட்டுப் பிள்ளை வாழ்ந்தால் கொலையா? அமெரிக்காக்காரன் ஆட்டத்தையே தடுத்தான். கொடியவன், ஆனால் எதற்கு அஞ்சுகிறோம் என்று தெரிந்தவன். நாமோ ஆட்டத்துக்குக் கைதட்டுகிறோம், வாழ்வுக்குக் குழிவெட்டுகிறோம்! இரண்டில் எது பெரிய வெட்கம்?

"அதெல்லாம் டி.வி.யில் வருவது, பட்டணத்து வேடிக்கை, நம் மண்ணின் வழக்கம் வேறு" என்று மீசையை முறுக்குகிறாரா யாராவது? வாரும் ஐயா, மண்ணின் ஆட்டத்துக்கே போவோம்.

கொங்கு மண்ணின் ஆட்டம் எது? வள்ளி கும்மி! திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களில் இன்று ஊருக்கு ஊர் பெண்கள் சீருடை அணிந்து, நூற்றுக்கணக்கில் வட்டமிட்டு ஆடுகிறார்கள். கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. ஒரு காலத்தில் வள்ளி ஒயில் கும்மி ஆண்களுக்கே உரியது. அந்த வேலியை உடைத்துப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயா. 2024-இல் தம் 87-ஆம் வயதில் பத்மஸ்ரீ பெற்றார். ஆண் ஆடியதைப் பெண் ஆடலாம் என்று அந்த முதியவர் வழிவிட்டார். போற்றுகிறோம்.

ஆனால், அந்தக் கும்மியின் கதை என்ன? தினைப்புனம் காத்த குறமகள் வள்ளி. அவளைத் தேடி வந்தவன் முருகன். குலம் வேறு, இடம் வேறு, வாழ்வு வேறு. அவன் வேடனாக வந்தான், விருத்தனாக வந்தான், கெஞ்சினான், கொஞ்சினான், கடைசியில் மணந்தான். இதுதானே கதை? கடவுள் கதை என்று கைகூப்புவோர் கும்பிடட்டும்; வெறுங்கதை என்போர் சிரிக்கட்டும்; இரு சாராரும் ஒன்றை மறுக்க முடியாது. அது ஒரு சாதி மறுப்புத் திருமணத்தின் கதை! அந்தக் கதையைப் பாடி ஆடுகிற மேடையிலேயே, "எங்கள் சாதிப் பையனைத்தான் மணப்போம்" என்று இளம்பெண்களை நிறுத்தி உறுதிமொழி வாங்கிய காணொளி ஒன்று அண்மையில் தமிழகமெங்கும் சுற்றியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னே விந்தை! வள்ளியின் திருமணத்தைப் பாடிவிட்டு, வள்ளி செய்தது போல் செய்யமாட்டோம் என்று சத்தியமா? முருகனே பெண் கேட்டு வந்தாலும், "தம்பி, எந்தக் கூட்டம்?" என்று கேட்டுத் திருப்பியனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது!

இன்னொன்றும் கேளுங்கள். கோயிலிலே குறமகளுக்குப் பட்டுப்புடவை. அதே குறத்தியின் பெயரால், திருவிழா மேடைகளில் 'குறவன் குறத்தி ஆட்டம்' என்று ஒரு ஜோடி ஆட்டம் நடந்தது. ஆபாசப் பேச்சும் அங்கச் சேட்டையுமாக ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையே ஏளனமாக்கிற்று. அந்த மக்கள் மனம் நொந்து நீதிமன்றம் போனார்கள். 2023-இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. சிலையாக நின்றால் தேவி; மேடையில் நின்றால் கேலி; மருமகளாக வாசலில் நின்றால்? அங்கேதானே மானம், மரியாதை, கௌரவம் எல்லாம் கண் விழிக்கின்றன!

மண்ணின் வழக்கத்தை நாமும் அறிவோம். கொடுமுடி இந்த மண்ணில் இல்லையா? அங்கே 1908-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, வறுமையால் நாடக மேடைக்கு வந்தவர் கே. பி. சுந்தராம்பாள். செங்கோட்டையிலிருந்து வந்த பார்ப்பனக் குலத்துப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா. இலங்கை மேடையில் சந்தித்தார்கள், இணைந்து நடித்தார்கள், 'வள்ளி திருமணம்' அவர்களுக்குப் பெரும்புகழ் தந்த நாடகங்களில் ஒன்று. மேடையில் வள்ளியும் வேலனுமாக நின்றவர்கள் வாழ்விலும் மணந்துகொண்டார்கள். அந்த இல்லறத்தில் இன்பமும் இருந்தது, வேதனையும் இருந்தது. அவருக்கு முன்பே மணமாகியிருந்தது. 1933-இல் கிட்டப்பா மறைந்தும் போனார். ஆனால் இருவர் சேர்ந்து நின்ற மேடைக்கு ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு போன நம் பாட்டன்மார், "இவர் என்ன குலம், அவர் என்ன குலம்?" என்று கேட்டா டிக்கெட் வாங்கினார்கள்? தொலைக்காட்சி பிறப்பதற்கு முன்பே ஜோடிக்குக் கைதட்டியது இந்த மண். கைதட்டல் பழைய வழக்கந்தான். கத்தியை வழக்கம் என்று எவரும் நமக்குச் சொல்லவேண்டாம்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கும் இரண்டு சொல் சொல்லிவிட வேண்டும். உங்கள் மேடையைப் புகழ்ந்தோம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 'கிராமியச் சுற்று' என்று ஒரு வாரம் வைக்கிறீர்கள். கரகம் வருகிறது, ஒயில் வருகிறது, பறை வருகிறது, பொய்க்கால் குதிரையிலே ராஜாவும் ராணியும் வருகிறார்கள். ஆனால் ஆயுள் முழுதும் அந்தக் கரகத்தைத் தலையில் சுமந்த அம்மாவை, அந்தக் கட்டைக் குதிரையை இடுப்பிலே கட்டி ஆடிய ஐயாவை, நடுவர் நாற்காலியில் ஒரு வாரமாவது உட்காரவைக்கலாகாதா? ஆட்டம் வேண்டும், ஆடியவர் வேண்டாமா? அடுத்து, ஜோடிகளுக்குள் காதல் என்று நீங்களே கிசுகிசு கிளப்பி, கண்ணீரை நெருங்கிப் படம்பிடித்து, விளம்பரம் விற்கிறீர்கள். காதலை விற்பனைச் சரக்காக்கத் தெரிந்த உங்களுக்கு, காதலித்ததற்காக இறந்தவர்களைப் பற்றி மேடையில் ஒரு நிமிடம் பேசத் தெரியாதா? வெற்றி பெறும் ஜோடிக்குக் கோப்பை தருகிறீர்கள், தருக. சாதி மறுத்து மணந்து, பத்தாண்டு தலைநிமிர்ந்து வாழ்ந்து காட்டிய ஜோடியை அந்தக் கோப்பையை வழங்க அழையுங்கள். அப்போது தெரியும் எது உண்மையான இறுதிச் சுற்று என்று!

இனி நம் தோழர்களுக்கு. கைதட்டிவிட்டு எழுந்து போவதற்காக இதை எழுதவில்லை. செய்யவேண்டியது இருக்கிறது.

பெற்றோருக்கும் சுற்றத்தாருக்கும் அஞ்சி, திருப்பூருக்கு ஓடி வருகிற ஜோடிகள் உண்டு. பனியன் கம்பெனியில் வேலை கிடைக்கும், லைன் வீட்டில் அறை கிடைக்கும், கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம் என்று நம்பி வருகிறார்கள். அவர்கள் உங்கள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கலாம். "எந்த ஊர், என்ன ஆளுக?" என்று துருவாதீர்கள். துருவிக்கொண்டு வருகிறவனுக்குத் துப்புச் சொல்லாதீர்கள். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் கையெழுத்துப் போடுங்கள். பாட்டாளியின் கையெழுத்துக்கு அதைவிடப் பெருமை கிடையாது.

சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கலப்பு மணம் புரிந்தவர்களின் புகாரைக் கேட்டுக் காக்க, மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் அதில் இருக்கவேண்டும் என்பது உத்தரவு. மிரட்டல் வந்தால் ஓடி ஒளிய வேண்டியதில்லை. கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகப் பத்துத் தோழர்கள் வேண்டும். தனியே போனால் விரட்டலாம்; திரண்டு போனால் நாற்காலி போடுவார்கள்! கலப்புத் திருமணத்துக்கு அரசு நிதியுதவியும் உண்டு. அதற்கு யார் பெயர் தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆடும் பெண்ணைக் கோயிலுக்கு அடிமையாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடி, 1947-இல் அதை ஒழிக்கும் சட்டம் வருவதற்கு வழிகோலிய அம்மையார். பெண்ணின் உடலும் உள்ளமும் அவளுக்கே சொந்தம் என்று முழங்கியவரின் பெயர், விரும்பியவரை மணக்கும் பெண்ணுக்கு உதவும் திட்டத்தில் நிற்கிறது. எத்தனை பொருத்தம்!

வீட்டிலே தொடங்குங்கள். பெட்டிக்கு முன்னே மகளும் மகனும் உங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் அந்த ஜோடி ஆடி முடிக்கிறது. நீங்கள் கைதட்டுகிறீர்கள். உங்கள் பிள்ளைகள் மேடையைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். "அப்பா கைதட்டுகிறார், நாளை நான் என் துணையைக் கூட்டி வந்தால் இதே கைதான் தட்டுமா?" என்று அந்தப் பிள்ளைகளின் மனம் கேட்கிறது. வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குக் கேளாமலே பதில் சொல்லுங்கள். "கண்ணு, உனக்குப் பிடித்தவரை நேரே நம் வீட்டுக்கே கூட்டிவா; ஓடாதே, ஒளியாதே, அப்பன் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஒரு கொலையைத் தடுக்கும். ஒரு தற்கொலையைத் தடுக்கும்.

கும்மிக்கும் போங்கள். வட்டத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் நிற்கிறார்களா என்று பாருங்கள். நிற்கவில்லையானால், ஏன் என்று கேளுங்கள். உறுதிமொழி எடுக்கச் சொன்னால், "வள்ளி எடுக்காத உறுதிமொழி எங்களுக்கும் வேண்டாம்" என்று நம் பெண்கள் சொல்லட்டும்.

பாணி எதுவானாலும் ஆடட்டும்! பரதமோ பறையோ, கரகமோ கும்மியோ, வால்ட்சோ டாங்கோவோ, எல்லாம் மனிதர் கண்டவை. எல்லாம் உழைப்பவர் வளர்த்தவை. மேடையில் கைகோத்தவரை வாழ்த்தும் நாம், வீதியில் கைகோத்தவரையும் வாழ்த்துவோம். அவர்கள் கையை வெட்ட வரும் அரிவாளுக்கு எதிரே, பஞ்சுத் தூசி படிந்த, சாயம் படிந்த, ஊசி குத்திக் காய்த்துப்போன ஆயிரமாயிரம் பாட்டாளிக் கைகள் எழட்டும்!